முதியவர்களுக்கு நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வு மாற்றுவது: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"எம்பது வயசாச்சு, இனிமே ஆபரேஷன் எதுக்கு?" என்று சொல்லிப் பெரியவரை வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும் குடும்பங்கள் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் இன்றும் உண்டு. நெஞ்செலும்பைப் பிளந்துதான் வால்வு மாற்ற முடியும் என்றிருந்த காலத்தில் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்ற இதய மருத்துவர், காலிலுள்ள ரத்தக்குழாய் வழியாகவே ஒரு மனிதருக்குப் புது அயோர்டிக் வால்வைப் பொருத்திக் காட்டினார். டாவி என்று இன்று சொல்லப்படுவது அதுதான். வயதை மட்டும் வைத்து வேண்டாம் என்பது இப்போது தப்பு. வயதாகிவிட்டது, வால்வும் சுருங்கிவிட்டது, ஆகவே டாவி செய்தே ஆக வேண்டும் என்பதும் அதே அளவுக்குத் தப்பு. எதை அளந்து, யாரைப் பார்த்து முடிவெடுப்பது என்பதுதான் விஷயம்.

எந்த வால்வு என்று முதலில் பாருங்கள்

இதயத்தில் வால்வு நான்கு. இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது அயோர்டிக் வால்வு. வயதாக ஆக அதன் மூன்று இதழ்களிலும் கால்சியம் படிந்து, துருப்பிடித்துப் பாதியில் நின்றுபோன கால்வாய் மதகு மாதிரி, முழுக்கத் திறக்காமல் ஆகிவிடுகிறது. இயல்பாக 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய வாசல் 1 சதுர சென்டிமீட்டருக்கும் கீழே போனால் தீவிரச் சுருக்கம். இதைக் கரைக்கும் மாத்திரை எந்த வைத்தியத்திலும் இல்லை. நீர் மாத்திரை மூச்சுத் திணறலைக் கொஞ்சம் இறக்கும், அவ்வளவுதான்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் கெட்டுப்போன மைட்ரல் வால்வு வேறு வியாதி. அந்தச் சுருக்கத்துக்குப் பலூன் வைத்து விரிப்பது வழக்கம். மைட்ரல் கசிவாக இருந்தால் சிலருக்கு கிளிப் போடுவார்கள். "வால்வுல கோளாறு" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். எக்கோ (இதய ஸ்கேன்) சீட்டில் எந்த வால்வு, சுருக்கமா கசிவா, எவ்வளவு தீவிரம் என்ற மூன்றும் இருக்கும். கீழே வருவதெல்லாம் அயோர்டிக் சுருக்கம் பற்றி.

அறிகுறியைக் கேட்கும் விதம்

"மூச்சு வாங்குதா ஆச்சி?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லய்யா" என்றுதான் பதில் வரும். பொய் இல்லை. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்மணிக்கு நாள் முழுக்க மூச்சு வாங்க வேலையே இல்லை. இளைப்பு வரும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்திருப்பார்: மாடிக்குத் துணி காயப்போடுவது நின்றிருக்கும், ரேஷன் கடைக்குப் பேரன் போயிருப்பான், கோயில் பிரகாரம் சுற்றுவது வாசலோடு முடிந்திருக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "போன பொங்கலுக்குச் செஞ்ச எந்த வேலைய இப்ப செய்யல?" பதிலை அப்படியே எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அறிகுறி இருக்கிறதா இல்லையா என்ற ஒரு வரியில்தான் சிகிச்சை முடிவே நிற்கிறது.

முக்கியமான மூன்று: நடந்தால் இளைப்பு, நடந்தால் நெஞ்சடைப்பு, வேலை செய்யும்போது கிறக்கம் வந்து கண் இருட்டி விழுவது. இவற்றில் ஒன்று தொடங்கிவிட்டால், வால்வை அப்படியே விட்டவர்களில் பெரும்பாலோருக்கு மிச்சமிருக்கும் காலம் சில வருடங்கள்தான். அறுவை சிகிச்சையே தாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2010இல் வெளியான பார்ட்னர் ஆய்வில், மருந்தோடு மட்டும் இருந்தவர்களில் ஒரே வருடத்தில் 50.7 சதவீதம் பேர் இறந்தார்கள். டாவி செய்தவர்களில் 30.7 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் மறக்கக் கூடாது. வால்வு சரியானாலும் மற்ற நோய்கள் அங்கேயேதான் இருக்கும்.

இன்னும் இரண்டு விஷயம். நெஞ்சடைப்பு என்றதும் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட் வைப்பது நம் ஊரில் கைவைத்தியம் மாதிரி ஆகிவிட்டது. தீவிர அயோர்டிக் சுருக்கம் உள்ளவருக்கு அது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கி மயக்கத்தில் தள்ளலாம். டாக்டர் இவருக்கென்று எழுதித் தராமல் கொடுக்காதீர்கள். அடுத்தது, காரணம் தெரியாத ரத்தசோகை. இந்த வால்வுச் சுருக்கம் உள்ள சிலருக்குக் குடலில் உள்ள சின்ன ரத்தக்குழாய்களிலிருந்து கசிவு இருக்கும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேளுங்கள். சொல்லக் கூச்சப்படுவார்கள்.

எக்கோ சீட்டில் மூன்று எண்

வால்வு பரப்பு 1 சதுர சென்டிமீட்டருக்குக் கீழ், சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல், உச்ச வேகம் நொடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல். மூன்றும் ஒத்துப்போனால் தீவிரச் சுருக்கம், குழப்பமில்லை. குழப்பம் வருவது பரப்பு 0.8 என்றும் அழுத்தம் 28 என்றும் வரும்போது. இதயத் தசை களைத்து, ரத்தத்தைத் தள்ளும் பலம் குறைந்திருந்தால் வால்வு மோசமாக இருந்தும் அழுத்தம் ஏறாது. "அழுத்தம் கம்மிதான், பயமில்லை" என்று சொல்லி விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது. பம்பிங் குறைந்தவர்களுக்கு, இதயத்தை வலுவாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் மருந்து ஏற்றி மறுபடி எக்கோ எடுப்பார்கள். அல்லது சாயம் இல்லாத சி.டி. ஸ்கேனில் வால்வின் கால்சியம் அளப்பார்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 அலகுக்கு மேல் இருந்தால் தீவிரச் சுருக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம்

அறுவை அபாயத்தை எஸ்.டி.எஸ். மதிப்பெண் என்று கணக்கிடுவார்கள். வயது, கிரியாட்டினின் (சிறுநீரக அளவு), பம்பிங், முன்பு நடந்த பைபாஸ், நுரையீரல் நோய் எல்லாம் அதில் சேரும். 4க்குக் கீழ் குறைவு, 8க்கு மேல் அதிகம். அந்தக் கணக்கில் அடங்காத ஒன்று உடம்பின் தளர்ச்சி. அதை வீட்டிலேயே பார்க்கலாம். தரையில் 5 மீட்டர் அளந்து கோடு போட்டு, வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 6 நொடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, கட்டிலில் இருந்து எழுவது, சாப்பிடுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது என்ற ஆறில் எத்தனை தானாகச் செய்கிறார் என்று குறியுங்கள்.

எதனால் தளர்ந்தார் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வால்வால் நடை தளர்ந்தவர் வால்வு மாறியதும் எழுந்து நடப்பார். பக்கவாதத்தாலோ ஞாபகமறதி நோயாலோ ஒரு வருடமாகப் படுக்கையில் இருப்பவரை டாவி எழுப்பாது. புற்றுநோய் முற்றியவர், வேறு நோயால் ஒரு வருடம் தாண்டுவதே சந்தேகம் என்றிருப்பவர், பெற்ற பிள்ளைகளையே அடையாளம் தெரியாதபடி மறதி முற்றியவர்: இவர்களுக்கு வேண்டாம் என்று ஒரு நல்ல டாக்டர் சொன்னால் அதைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீர் மாத்திரையைச் சரிசெய்து, மூச்சு முட்டாமல், வீட்டிலேயே வைத்துப் பார்ப்பதும் வைத்தியம்தான். இடைப்பட்ட நிலையில் பலூனால் மட்டும் வால்வை விரித்து, உடம்பு தேறுகிறதா என்று பார்ப்பதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் மறுபடி சுருங்கிவிடும், ஆனால் முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும்.

பெரியவரிடமே கேளுங்கள். மகனும் மருமகனும் பேசி முடித்து, அவரிடம் "ஒரு டெஸ்ட்" என்று சொல்லிக் கூட்டிப்போவது இந்தச் சிகிச்சைக்கு ஆகாது. அரை மயக்கத்தில், விழித்த நிலையில் கிடக்கப்போகிறவர் அவர்.

ஊரைவிட்டுக் கிளம்புமுன்

எக்கோ, இ.சி.ஜி., அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ உள்ளூர் இதய மருத்துவரிடமோ முடித்துவிடலாம். டாவிக்கு என்று மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவதென்றால் ஏறத்தாழ 150, 160 கிலோமீட்டர். சென்னை என்றால் இரவு முழுக்கப் பயணம். தலைக்கு இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிகிறது என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ் படுக்கையில் ஏற்றாதீர்கள். முதலில் இங்கே நீர் ஏற்றத்தை இறக்கி, பிறகு சாய்ந்து உட்கார வசதியான காரில் கூட்டிப்போங்கள்.

பல்லை மறக்காதீர்கள். வெற்றிலை, புகையிலை போட்டுப் போட்டு ஈறு கரைந்த வாயிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கினால் அது குடியேற விரும்பும் இடம் புது வால்வு. ஆடும் பல், சீழ் வைத்த பல் இருந்தால் சிகிச்சைக்கு இரண்டு வாரமாவது முன்பே எடுத்து, புண் ஆறியிருக்க வேண்டும். மதுரையில் அட்மிட் ஆன பிறகு பல் டாக்டரைத் தேடினால் தேதி தள்ளிப்போகும்.

சிறுநீரகம் அடுத்தது. சி.டி. ஸ்கேனுக்கு, சிறுநீரகத்துக்குச் சுமையான சாயம் 50 முதல் 100 மில்லி வரை ஏறும், சிகிச்சையன்று மறுபடியும் ஏறும். மூட்டு வலிக்கு என்று பக்கத்துக் கிளினிக்கில் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியையும் வலி மாத்திரையையும் அதற்கு முன்னால் நிறுத்தியாக வேண்டும். நாட்டு மருந்து, பஸ்பம் எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே போகவும் கூடாது.

பையில் இருக்க வேண்டியவை: எக்கோ படங்கள் உள்ள சி.டி. தட்டு (சீட்டு மட்டும் போதாது), பழைய ஆஞ்சியோ தட்டு, பைபாஸ் நடந்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் சம்மரி, சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அப்படியே, ஒவ்வாமை விவரம், ரேஷன் அட்டை, காப்பீட்டு அட்டை.

பணம்

வால்வின் விலையே செலவில் பெரும்பங்கு. தனியார் மருத்துவமனையில் மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு அனுமதியாகும் என்பதைக் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிய பிறகே நிலத்தையோ நகையையோ தொடுங்கள். மதிப்பீட்டுச் சீட்டில் பேஸ்மேக்கர் (துடிப்பைச் சீராக வைக்கும் கருவி) தேவைப்பட்டால் கூடுதலாக எவ்வளவு, ஐ.சி.யூ. நாள் கூடினால் எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். அங்கேதான் கணக்கு எகிறும்.

"சித்ரா வால்வு போட்டா மலிவுதானே" என்று சிலர் கேட்பார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலில் பொருத்தப்பட்ட அந்த வால்வு நல்ல வால்வுதான். ஆனால் அது உலோகச் சட்டத்தில் பிளாஸ்டிக் தட்டு உள்ள இயந்திர வால்வு, நெஞ்சைத் திறந்துதான் தைக்க முடியும், ஆயுள் முழுக்க அசிட்ரோம் வேண்டும். குழாய் வழியே அதை ஏற்ற முடியாது.

சி.டி. ஸ்கேன்: சிகிச்சையின் பாதி இங்கே முடிகிறது

இந்த சி.டி.யில் பார்ப்பது நான்கு. வால்வு உட்காரும் வளையத்தின் சுற்றளவும் பரப்பும். அந்த வளையத்திலிருந்து இதயத் தமனிகளின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, 10, 12 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பழைய இதழ் அந்த வாயை அடைத்துவிடும் அபாயம். கால்சியம் எங்கே கட்டியாக இருக்கிறது. கடைசியாகத் தொடைத் தமனியின் உள் அகலம், குறைந்தது 5 முதல் 5.5 மி.மீ. தேவை. சர்க்கரையும் புகையும் சேர்ந்து தமனியைச் சுருக்கியிருந்தால் தோள்பட்டைக்கு அடியிலுள்ள தமனி போன்ற வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். அபாயம் அங்கே கூடும்.

அளவு தப்பினால் எல்லாம் தப்பும். சின்ன வால்வு வைத்தால் ஓரத்தில் கசியும், நழுவவும் செய்யும். பெரிதாக வைத்தால் வளையமே கிழியலாம், அது மேசையிலேயே உயிரைக் கொண்டுபோகும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்: சி.டி.யை அளந்தது யார்? எந்த அளவு, எந்த வகை வால்வு, ஏன்? தொடை வழியா? வருடத்துக்கு இங்கே எத்தனை டாவி நடக்கிறது? அன்றைக்கு இதய அறுவை நிபுணர் கட்டடத்தில் இருப்பாரா?

வால்வில் இரண்டு வகை. பலூனால் விரிவது ஒன்று: சேப்பியன், குஜராத்தின் மெரில் நிறுவனம் செய்யும் மைவால் ஆகியவை. மாட்டின் இதய உறையில் செய்த இதழ்கள், உலோகச் சட்டம். மைவாலில் 1.5 மி.மீ. இடைவெளியில் அளவுகள் கிடைப்பதால் இரண்டு அளவுக்கு நடுவே மாட்டும் நோயாளிக்கு உதவும். தானாக விரிவது இன்னொன்று: எவோலூட் போன்றவை. நிட்டினால் என்ற உலோகக் கலவையில் சட்டம், பன்றியின் இதய உறை இதழ்கள். பாதி விரித்த பிறகும் இடம் சரியில்லை என்றால் உள்ளே இழுத்துத் திருத்தலாம். ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு இதில் பொதுவாகக் கூடுதல். இதழ் எந்த விலங்கினுடையது என்பது சில குடும்பங்களுக்கு மத ரீதியாக முக்கியம், அதை முன்பே கேட்பதில் தப்பில்லை.

கேத் லேபில் (குழாய் வழிச் சிகிச்சை அறையில்) நடப்பது

பெரும்பாலும் தொடையில் மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும்தான். இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாக முடியும்.

1. ஒரு பக்கத் தொடைத் தமனியில் குழாய் வைத்து, மூட வேண்டிய தையலை முன்கூட்டியே போட்டு வைப்பார்கள். பிறகே பெரிய குழாய் ஏறும். இன்னொரு தமனி வழியாகச் சாயம் செலுத்தும் குழாய், ஒரு சிரை வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் கம்பி.

2. ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின், எடைக்கேற்ப கிலோவுக்கு 70 முதல் 100 யூனிட். உறைதல் நேரம் 250 நொடிக்கு மேல் போகிறதா என்று அளப்பார்கள். குறைந்தால் குழாயில் ரத்தக்கட்டி உருவாகி மூளைக்குப் போகும்.

3. சுருங்கிய வால்வைக் கடந்து கெட்டியான கம்பி இடது கீழறைக்குள் போகும். கம்பியின் முனை தசையைக் குத்திவிட்டால் இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கும். வயதான மெலிந்த பெண்களின் சின்ன இதயத்தில் இந்தக் கவனம் அதிகம் வேண்டும்.

4. பலூன் விரியும் சில நொடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180 தடவைக்கு மேல் துடிக்க வைப்பார்கள். ரத்தம் தள்ளுவது ஏறத்தாழ நின்று, வால்வு அசையாமல் உட்காரும். விழித்திருக்கும் நோயாளிக்கு அந்த நேரம் கிறக்கமாக வரும்.

5. எக்கோவிலும் சாயத்திலும் கசிவு பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி பலூன். பிறகு குழாயை எடுத்து, தையலை இறுக்குவார்கள். சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.

என்ன தவறலாம்

அடிக்கடி வருவது தொடையில் ரத்தக்கசிவு. இடுப்பு, முதுகு வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் வயிற்றுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். வெளியே கட்டு காய்ந்திருப்பது ஆறுதல் இல்லை.

இதயத்தின் மின்பாதை வால்வுக்கு ஒட்டிக் கீழேதான் ஓடுகிறது. சட்டம் அதை அழுத்தினால் துடிப்பு தடைபடும். முன்பே இ.சி.ஜி.யில் அந்த மின்பாதையின் வலது கிளையில் அடைப்பு இருந்தால் அபாயம் பல மடங்கு. அப்படிப்பட்டவருக்கு பேஸ்மேக்கர் செலவை முதலிலேயே கணக்கில் வையுங்கள். இந்தத் தடை சில நாள் கழித்தும் வரும். வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் ஒரு தடவை மயங்கி விழுந்தாலும் "சாப்பிடல, அதான்" என்று விடாதீர்கள், அன்றே இ.சி.ஜி. எடுங்கள்.

பக்கவாதம் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு வரலாம், பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில். வாய் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் தெரிந்தால் நர்ஸை அப்போதே கூப்பிடுங்கள், ரவுண்ட்ஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. வால்வைச் சுற்றி லேசான கசிவைப் பலர் தாங்குவார்கள். மிதமானதும் அதற்கு மேலும் ஆயுளைக் குறைக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் குந்தி உட்காரும் கழிவறை வேண்டாம், நாற்காலிக் கழிவறை ஏற்பாடு செய்யுங்கள். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதும் அதுவரை நிற்கட்டும். குடம் தூக்குவது கூடாது. உடம்பில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், தாமிரபரணியில் முங்குவது தொடைப்புண் முழுக்க ஆறிய பிறகு. குற்றாலச் சீசன் என்றால் இந்த வருடம் அருவியைப் பார்த்துவிட்டு மட்டும் வரட்டும். பேஸ்மேக்கர் வைத்திருந்தால் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்காமல் 4 முதல் 6 வாரம்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின் எடை. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் நீர் தேங்குகிறது என்று அர்த்தம். உப்பு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு சின்னத் தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இருக்கும் நாளில் அந்தக் கணக்கு ஒரே வேளையில் தீர்ந்துவிடும். சொதியும் இட்லியும் சாப்பிடட்டும், உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க, வேறு காரணம் இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஆஸ்பிரின் 75 அல்லது 100 மி.கி. ஒன்று மட்டும் போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான துடிப்பு இருந்தால் வேறு மருந்து. இரண்டையும் சேர்த்தால் நன்றாக இருக்குமே என்று யாரும் தானாகச் சேர்க்கக் கூடாது, முதியவரின் குடலில் ரத்தம் கசியும். எக்கோ டிஸ்சார்ஜுக்கு முன், ஒரு மாதத்தில், பிறகு வருடா வருடம். மருத்துவமனையில் தரும் வால்வு அட்டையை ஆதார் கார்டோடு சேர்த்து வையுங்கள், எம்.ஆர்.ஐ. எடுக்கப்போனால் அதைத்தான் கேட்பார்கள்.

பல் பிடுங்குவது, ஈறு சுத்தம் செய்வது என்றால் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே வேளையாக. பென்சிலின் ஒவ்வாதவருக்கு அசித்ரோமைசின் 500 மி.கி. மாதிரி மாற்று இருக்கிறது. டாக்டரிடம் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல் டாக்டரிடம் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள்.

காய்ச்சல் விஷயத்தில்தான் நம் ஊர் வழக்கம் எதிரியாகிறது. இரண்டு நாள் காய்ச்சல் என்றால் பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டுவிடுவார்கள், காய்ச்சல் இறங்கும், பத்து நாளில் மறுபடி வரும். அதற்குள் வால்வில் கிருமி கூடு கட்டியிருக்கும், அரைகுறை மருந்தால் ரத்தப் பரிசோதனையில் அது பிடிபடாமலும் போகும். வால்வு வைத்தவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்னால் தனித்தனி இடத்தில் குத்தி மூன்று தடவை பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.